எல்லைக்கல் நட்டவர்

ரப்பர் விலை விழுந்த வருஷம், வேலை பார்த்த தோட்டத்தில் சொல்லிக்கொள்ளாமல் ஜொகூர் பாருவுக்கு ரயிலேறினேன். கூலாயில் ஏறிய நில அளவைக் கிராணிக்கு என் வயதுதான் இருக்கும். செனாய்க்கு டிக்கெட் வைத்திருந்தார். முழங்கால் வரை செம்மண். இடமிருந்தும் உட்காராமல், அட்டை பிய்ந்த ஆங்கில அகராதியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன்.

“டிட்டர்மினிசம். நடக்கிறதெல்லாம் முன்னாடியே முடிவானதுன்னு சொல்ற தத்துவம். லத்தீன்ல ‘டெர்மினுஸ்’னா எல்லைக்கல்லு. அதுலேருந்து வந்த சொல்லாம்.”

“அப்ப நான் ஓடி வந்ததும் முன்னாடியே முடிவானதுங்களா?”

அவர் முகம் சுருங்கியது. “கல்லு நடறது என் வேலைங்க. துரை கைய காட்டினா நட்ட கல்லையே பிடுங்கித் தள்ளி நடுவேன். பத்து வருசம் கழிச்சுப் பாக்குறவன், ஆதியிலேருந்தே அது அங்கதான் இருக்குன்னு நம்புவான்.”

செனாய் வந்தது. வாசலுக்குப் போய்ப் படியில் ஒரு கால் வைத்தவர், அப்படியே நின்றார். வண்டி நகர்ந்ததும் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார். அகராதியை அப்புறம் திறக்கவேயில்லை.

இறங்க மறந்தவரின் முகம் அல்ல அது.