பிளேடு பாடுது

மகன் குளியலறையில் இரண்டாம் முறையாகச் சவரம் செய்துகொண்டிருந்தான். போன வாரம் முதல் முறையிலேயே தாடையைக் கிழித்துக்கொண்டவன். அந்த ரத்தத்தை இன்னும் மறக்க முடியாமல் நான் கதவுக்கு வெளியே நின்றேன். கதவிடுக்கில் கசிந்த சோப்பு நுரை வாசனையில், விருதுநகரில் நாங்கள் பல குடும்பங்களோடு குடியிருந்த, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட வளவின் குழாயடி நினைவுக்கு வந்தது: ஞாயிறு காலையில் ஒரே கண்ணாடிக்கு முண்டியடிக்கும் ஆண்கள், பக்கத்து மிளகாய் மூட்டைக் கிட்டங்கியின் நெடியில் முகமெல்லாம் நுரையோடு தும்மும் அப்பா, ரேசரின் திருகை அரைகுறையாக முடுக்கிவிட்டு இழுக்கும் சித்தப்பா. பிளேடு விறைப்பாக நிற்காமல் முடியில் தட்டி அதிர்ந்து 'கிர்ர்' என்னும். அதைப் பாடுவது என்பார்கள்.

"ஏலே, பிளேடு பாடுது, முடுக்குலே! உரிச்ச மூஞ்சியோடயா பொண்ணு பாக்கப் போவ?" என்பார் அப்பா.

"பாடட்டும்ணே, உங்க தும்மலுக்குப் பாட்டு வேண்டாமா?" என்பார் சித்தப்பா. குழாயடியே சிரிக்கும்.

உள்ளே 'கிர்ர்' என்றது.

"பிளேடு பாடுதுடா! திருகை முடுக்கு!" என்று கத்தினேன்.

"என்னம்மா சொல்றீக?" என்றாலும் முடுக்கினான் போல, சத்தம் நின்றது. கதவு திறந்ததும் அவன் முகத்தை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நான் கத்தியதில் கை வழுக்கி, ஆசையாக வளர்த்த மீசையில்தான் பாதியைக் காணவில்லை.