சுழலும் அறையில் ஒரு நேர்கோடு

மற்றவர்கள் கையில் புள்ளி ஒட்டுவதுதான் அவளுடைய வேலை. தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, ஆட்காட்டி விரல் நுனியில் ஒன்று. பிறகு அந்தக் கை அசைவதை வீடியோ எடுப்பார்கள். அவள் அதைக் கணினியில் சட்டகம் சட்டகமாக நிறுத்தி, புள்ளி இருக்கும் இடத்தில் சொடுக்குவாள். சொடுக்கியதெல்லாம் சேர்ந்து ஒரு கோடாகும். ஆய்வகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

அதற்கு முன்னால் கல்யாண வீடியோ கடையில் இருந்தாள். கொட்டாவி விடும் சித்தப்பாக்களையும் முகம் சுளிக்கும் சம்பந்திகளையும் தேடித் தேடி வெட்டுவாள். அவளைக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள், அவ்வளவுதான். இந்த வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் பின்னால் இருந்தது அந்த வட்ட அறை. ராட்டினத்துக்குச் சுவர் வைத்து மூடியது போலிருக்கும். நடுவில் ஒரு நாற்காலி, எதிரே பலகையில் ஒரு சின்ன விளக்கு. அறை மெதுவாகச் சுழல ஆரம்பித்து ஒரே வேகத்துக்கு வந்ததும், உள்ளே இருப்பவருக்கு அது நின்றுவிட்டது போலவே தோன்றும். விளக்கைத் தொடச் சொல்வார்கள். விரல் கிளம்பியதும் விளக்கு அணைந்து இருட்டாகிவிடும். கை நேராகப் போவதாகத்தான் அவர் நினைப்பார். ஆனால் கூரையில், அறையோடு சேர்ந்து சுழலும் கேமரா, இருட்டிலும் புள்ளிகளைப் பார்க்கும். அதன் படத்தில் கை வலப்பக்கம் வளைந்து போயிருக்கும்.

கொரியோலிஸ் விசை என்று அதற்குப் பெயர். வெளியே நிற்பவனுடைய கணக்கில் அப்படி ஒரு விசையே இல்லை, சுழல்கிறவனுக்குத்தான் உண்டு. அவனையும் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை அது சீண்டாது. எதையாவது எட்டப் போனால்தான் தள்ளும். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு வெகுநாள் ஆயிற்று. புரிந்த பிறகு இதில் ஏதோ அநியாயம் இருப்பதாகவே பட்டது.

நல்ல உடம்புக்காரர்களின் கை சில தடவைகளில் கற்றுக்கொள்ளும். வளைந்த கோடு நிமிர்ந்துவிடும். பிறகு அறையை நிறுத்தித் தொடச் சொன்னால், பழகிய கை இல்லாத விசையோடு மல்லுக்கட்டி இடப்பக்கம் வளைந்து போகும். ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவுக்கு அந்த இடது வளைவுதான் உயிர். அது வந்தால் சிறுமூளை பாடம் படித்துவிட்டது என்று பொருள். சிறுமூளை தேய்கிறவர்களுக்கு அது வராது.

அந்தத் தேய்மானம் அவள் குடும்பத்தில் இருந்தது. அம்மா அதில்தான் போனாள். அடுத்தது அண்ணன். பூட்டுக் கடை வைத்திருந்தவன், ஒருநாள் சாவித் துவாரத்தைத் தேட ஆரம்பித்தான். நடையும் தள்ளாடவே குடிகாரன் என்று தெருவே பேசியது; அவன் சோடாகூடக் குடிக்காதவன். இப்போது அவள் வீட்டு முன்னறையில் கைப்பிடி நாற்காலியோடு கிடக்கிறான். மூடி போட்ட குவளையில்தான் தேநீர்.

"என் கையை ஒருநாள் படம் எடுடி. கோடெல்லாம் நூல்கண்டு மாதிரி வரும்" என்பான்.

"உன் வாயைப் படம் எடுத்தா அது மட்டும் நேரா வரும்" என்பாள் அவள்.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். அவள் சோதிக்கவில்லை. போன மாதம், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"பாட்டிக்கும் மாமாவுக்கும் வந்த வயசை நீ தாண்டிட்டம்மா. உனக்கு இல்லன்னா எனக்கும் இல்ல. இந்த வருஷம் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்."

"நல்லதும்மா" என்று அவள் சொன்னாள். வேறென்ன சொல்வது?

அன்று, நல்ல உடம்புக்காரராக உட்கார ஒப்புக்கொண்ட ஆள் வரவில்லை. மோட்டாரைக் கவனிப்பவனை எல்லோரும் டிரைவர் என்பார்கள். "எத்தனை வருஷமா ஓட்டுறேன், ஒரு ஊரும் வந்து சேரலியே" என்பது அவனுடைய தேய்ந்துபோன நகைச்சுவை. அவன்தான் சொன்னான்:

"நீங்க உக்காருங்கக்கா. அறை புதுசா வந்தப்போ உக்காந்தீங்கல்ல?"

அப்போது அவள் கோடு அழகாக நிமிர்ந்தது. இடது வளைவும் வந்தது. இப்போது மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். குடும்ப விஷயத்தை அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. தன் கையிலேயே புள்ளிகளை ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அறை சுழன்றது. திரும்பத் திரும்ப விளக்கைத் தொட்டாள். பிறகு அறை நின்றது. இருட்டில் ஒரு தடவை கையை நீட்டினாள். வெளிச்சம் வந்தபோது அவள் விரல் விளக்கின்மேலேயே இருந்தது.

"அடேயப்பா! குறி தப்பாம நேரா போய் உக்காந்துடுச்சே" என்று ஒலிபெருக்கியில் டிரைவர் கைதட்டினான். அவனுக்கு மோட்டாரைத் தவிர ஒன்றும் தெரியாது.

அவள் விரலை எடுக்கவில்லை.

கணினியில் தன் கையைத் தானே சொடுக்கினாள். சுழலும்போது முதல் கோடும் வளைந்திருந்தது, கடைசிக் கோடும் அதே அளவு வளைந்திருந்தது. நின்ற பிறகு வந்தது மட்டும் அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக. கை எதையுமே கற்றுக்கொள்ளவில்லை. தூக்கம் சரியில்லை, புள்ளி நழுவியிருக்கும், கழுத்து வலி என்று தனக்குத்தானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். டிரைவரை அழைத்து அதே வீடியோவைச் சொடுக்கச் சொன்னாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு சொடுக்கினான். அவள் கோட்டின்மேலேயே அவன் கோடும் போய் விழுந்தது.

"சரியில்லன்னா அழிச்சுடலாம்க்கா. நாளைக்கு வேற ஆளு."

"அழிக்காதே. டாக்டரம்மா பாக்கணும்."

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சுத்தினதுல தலை சுத்துது."

வீட்டில் அண்ணன் அவள் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டான். "எவனாவது திட்டினானா?"

அவள் சொன்னாள். அவன் நகைச்சுவை ஒன்றைத் தேடியது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை.

"மககிட்ட சொல்லாதடி. ரத்தம் குடுத்துப் பாத்துட்டு சொல்லு."

"அதுக்குள்ள அவ உண்டாயிட்டா?"

"சொன்னா அவ சிரிப்பே போயிடும்டி. எனக்குப் போகலியா?"

"உனக்கு யாரும் முன்னாடியே சொல்லல. சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

அம்மாவைப் பார்த்தே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவன் அவன். அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தோன்றியது. போனை எடுத்தாள்.

"குழந்தை விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும்மா. முதல்ல நீ ரத்தம் சோதிச்சுப் பாரு."

"ஏன்? உனக்கு எடுத்தாங்களா?"

"இன்னும் இல்ல. அறையில உக்காந்தேன். கை கத்துக்கல."

"அதை வெச்சு உறுதியா சொல்ல முடியாதுல்ல?"

"டாக்டரம்மா முடியாதுன்னுதான் சொல்வாங்க. எத்தனை பேரு கோட்டைப் பாத்திருக்கேன். எனக்குத் தெரியும்மா."

மறுமுனையில் யாரோ குழாயை மூடும் சத்தம். மருமகனாக இருக்கும்.

"நான் அப்புறம் பேசறேன்" என்றாள் மகள்.

"அழுதாளா?" என்று அண்ணன் கேட்டான்.

"இல்ல. வெச்சுட்டா."

"திரும்பக் கூப்பிடு."

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.