எறும்பு விசாரித்த கோதண்டபாணி

வீடு வீடாகப் போய், "காய்ச்சல் உண்டுங்களா?" என்று கேட்பதற்காகவே அரசாங்கம் விருத்தாசலத்தில் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள் கோதண்டபாணி. யாராவது உண்டு என்றால், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நாலு மாத்திரை கொடுத்து, சுவரில் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். மலேரியாவை ஒழிக்கும் வேலை. 1966-லேயே அந்தப் பக்கம் மலேரியா அநேகமாக ஒழிந்துவிட்டது. அதனால் வேலைக்கு ஒரு குந்தகமும் வரவில்லை.

குந்தகம் செய்தவர்கள் செத்துப்போனவர்கள்தான். ரத்தத்தில் மலேரியா இல்லை என்று பின்னால் முடிவு வந்த சிலர்கூட குளிரில் வெடவெடத்து, பிதற்றி, இரண்டு மூன்று நாளில் போய்விட்டார்கள். மேலதிகாரி தங்கதுரையிடம் சொன்னால், "மலேரியா இல்லன்னு வந்துச்சில்ல? அப்ப நமக்கு நல்ல சேதிதானய்யா" என்றார்.

கோதண்டபாணிக்கு மனசு ஆறவில்லை. செத்தவர்களின் வீடுகளுக்கு மறுபடி போனார். பீங்கான் பட்டறையில் மண் மிதித்த காத்தவராயனுக்கு, உடைந்த கோப்பைச் சில்லு கிழித்து காலில் புண். பழமலைக்கு மாதக்கணக்கில் நீர்க்கடுப்பு. திரௌபதி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு டாக்டரம்மா விளக்கினார்: கிருமி இப்படி ஏதாவது ஒரு வழியில் ரத்தத்தில் கலந்துவிடுகிறது, சர்க்கரை வியாதி இருந்தால் அதற்கு இன்னும் சௌகரியம்.

அன்றிலிருந்து கோதண்டபாணியின் கேள்வி மாறியது.

"வூட்டுல யாராச்சும் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குதுங்களா?"

சர்க்கரை வியாதியைக் கண்டுபிடிக்கக் கேட்பது என்று யாருக்கும் புரியவில்லை; கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. ராஜாம்பாள் என்பவர் நேராக ஆபீசுக்கே போய்ப் புகார் கொடுத்தார். மறுநாள் தங்கதுரை மெமோ எழுதினார்: 'எறும்பு நம் துறையைச் சேர்ந்ததல்ல. கொசு மட்டுமே.'

ஐந்து வருடம் ஊரார் வீட்டு எறும்புகளை விசாரித்தவர் சொந்த வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்க்கவில்லை. 1971-ல் அவர் குதிகாலில் ஒரு சில்லு ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நாலாம் நாள் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. சக ஊழியர் வந்து, முறைப்படி விரலில் குத்தி, நாலு மாத்திரை கொடுத்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் கோதண்டபாணி பிதற்ற ஆரம்பித்தார். பார்க்க வந்த தங்கதுரை, "ரிசல்ட்டு வரட்டும்மா, பதினஞ்சு நாள்ல வந்துடும்" என்றார்.

"அதுக்குள்ள இவரு கருமாதியே வந்துடும்ங்க" என்றார் மனைவி நீலாவதி. "நம்ம கொல்லையில எறும்பு மொய்க்கறது எனக்கு ஒரு வருசமாத் தெரியும். இவரு என்னைய எங்க கேட்டாரு?"

பாண்டிச்சேரிக்குப் பீங்கான் ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரியை மறித்து, வைக்கோல் நடுவே கணவரைக் கிடத்திக்கொண்டு போனார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். பென்சிலின் ஊசி போட்டு மாளவில்லை. பாதி குதிகாலை வெட்டி எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது.

அதன்பிறகு அவருக்கு நாற்காலி வேலை. அதே எறும்புக் கேள்வியோடு தெருவுக்கு நீலாவதி இறங்கினார். எந்தத் துறையும் அனுப்பாத ஆள் என்பதால் பெண்கள் கதவைத் திறந்தார்கள். பட்டறைகளுக்கும் போய், கால் புண்ணை மறைத்தவர்களைத் தேடிப் பிடித்தார். அப்படிக் கால் வீங்கிக் கிடந்த பட்டறை ஆள் மாயவனை நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, "எனக்கு ஒண்ணுமில்ல, வுடுங்கக்கா!" என்று வழியெல்லாம் கத்தினான்.

பிழைத்து வந்தவன், தன் உடம்பே எதையும் தாங்கும் உடம்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.