சென்னியம்மாள் சொன்ன காரணம்

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ் வேலை பழக வந்த பெண்களை, ஏன் வந்தாய் என்று கேட்காதவர் இல்லை. அதே வாசலில் கம்பவுண்டர் வேலை பழகிய ஆண்களை ஒருவரும் கேட்டதில்லை. ஆண் என்றால் பிழைக்க வந்தவன்; பெண் என்றால் எதையோ விட்டு ஓடிவந்தவள். அப்படி ஒரு நியாயம்.

திருவிதாங்கூர் அன்னம்மா, தங்கைகளின் கல்யாணச் செலவுக்கு என்பாள். செவ்வாய்ப்பேட்டை ரோசி, அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டது என்பாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சென்னியம்மாள் வாயே திறக்கமாட்டாள். இருபது வயதில் தாலியறுத்தவள். "முண்டச்சிக்கு எங்கிருந்தாலும் வெள்ளைச் சீலைதானே" என்று ஊரே அவளுக்காகப் பதில் சொல்லிவிட்டது.

1936இல், பயிற்சி முடியும் தறுவாயில், அவளைக் கூட்டிப்போக அண்ணன் காளியண்ணன் வண்டி கட்டி வந்தான். தலைமை நர்ஸ் இன்பமேரியம்மாளின் அறையில் நின்று முறையிட்டான்.

"கண்டவங்க பீ மூத்தரத்தை அள்றாளாமுங்க. சந்தையில தலை நிமுர முடியல. அனுப்பி வையுங்கம்மா."

உறவுக்காரர் வந்து ரகளை செய்தால், பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். இன்பமேரியம்மாள் சென்னியம்மாளைப் பார்த்தாள்.

"நோயாளிக்குச் சேவை செய்யணும்னு கடவுள் உத்தரவுன்னு சொல்லிடும்மா. அண்ணன் மறுக்கமாட்டார்."

காளியண்ணனும் இறங்கி வந்தான். "சாமி வாக்குன்னா ஊர்ல சொல்லிக்கலாமுங்க. சொல்லு அம்மணி."

ஒரே ஒரு பொய். அதைச் சொன்னால் படிப்பும் மிஞ்சும், பிறந்த வீடும் மிஞ்சும். சென்னியம்மாள் இன்பமேரியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"என்னை எந்தச் சாமியும் கூப்பிடலீங்க. எங்கக்கா உண்ணாமலைதான் கூப்பிட்டா. புள்ள பெத்துப் படுத்தவ, நாக்கு வறண்டு தண்ணி தண்ணின்னு கூப்பிட்டா. குடிச்சா ஜன்னி வரும்னு பானையத் தூக்கி வெளிய வெச்சது இந்த அண்ணந்தானுங்க. நான் மொண்டுட்டுப் போன சொம்பையும் புடுங்கிக்கிட்டாரு. கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்துப்போனா."

"பெரியவங்க வழக்கம் அம்மணி. நானா உண்டாக்கினேன்?"

"ஏனுங்கண்ணா, நம்ம எருமை கன்னு போட்டப்பத் தொட்டி நெறையத் தண்ணி காட்டினீங்களே, அது எந்த வழக்கமுங்க?"

காளியண்ணன் முகம் கறுத்தது. "ஊட்டுப் பேச்ச வெளியாளு முன்னால அவுத்துட்ட. இனி நீ எங்க ஊட்டுப் பொண்ணு இல்ல. அக்கா பெத்துப்போட்டுட்டுப் போன மகளையும் மறந்துரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"சேவைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று இன்பமேரியம்மாள் அலுத்துக்கொண்டாள்.

"பொய் சொல்லிப் பொழைக்கறதுன்னா எங்க ஊடே போதுமுங்களே."

கேட்டு வாங்கிப்போக ஆள் இல்லாததால் அவளை வைத்துக்கொண்டார்கள். நியாயத்துக்காக அல்ல.

சில நாளில் சேதி வந்தது. காளியண்ணன் அவள் பெயரைச் சொல்லித் தலைமுழுகிவிட்டானாம். உயிரோடு இருப்பவளுக்கு!

"நல்லதாப் போச்சு. இனி வண்டி வராது" என்றாள் அன்னம்மா. இனி அக்கா மகளைப் பார்க்க முடியாதே என்பதுதான் சென்னியம்மாளுக்கு உறுத்தியது. ரோசி அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணனை மன்னிச்சிடு, சென்னி."

"அவரு வந்து கேக்கட்டும். அப்பறம் யோசிக்கறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு, சென்னியம்மாள் வார்டுக்குப் போனாள்.