கரை காட்டிக்கொடுத்த படம்

வைஜெயந்தியைத் திட்டாதவர்கள் எங்கள் குப்பத்தில் கிடையாது. நானே திட்டியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா? கல்யாணம், காதுகுத்து என்று தவளக்குப்பம் வரைக்கும் போய்ப் படமெடுப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமையானால் புருஷன் இளங்கோவின் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவாள். திமிங்கலம் முதுகைக் காட்டினால் போதும், தூரத்திலேயே இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிடுவாள்.

மாசி மாதம் ஒரு தாய்த் திமிங்கலம் குட்டியோடு வந்தது. எங்கே என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் தம்பி மணிமாறன் புதிதாக விசைப்படகு வாங்கி, அவனும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வந்து கேட்டான்.

"எடத்த மட்டும் சொல்லுக்கா. இன்னா கொறஞ்சிடப் போற?"

"சொல்ல மாட்டேன் போடா. வெரட்டுவீங்க. குட்டி தாயை வுட்டுப் பிரிஞ்சா செத்துடும்."

அதோடு இருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது! தாயின் விலாவில் உரசிக்கொண்டு குட்டி மூச்சு விடுகிற படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். நல்ல படம்தான். மீன் வெட்டிப் பிழைக்கிற எனக்கே கண் கலங்கியது.

படத்தில் குட்டிக்குப் பின்னால் கரை தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே கோயில் கோபுரம், கொஞ்சம் தள்ளி செல்போன் டவர். எங்கள் ஆண்கள் வலை விடும் இடத்தை இப்படித்தான் அடையாளம் வைப்பார்கள். கரையில் எது எதற்கு நேராக நிற்கிறது என்று பார்த்தே கடலில் இடம் சொல்லிவிடுவார்கள். கடல்காரன் பெற்ற பெண் இதை மறக்கலாமா? கூறு கெட்டவள், மறந்துவிட்டாள்!

மறுநாள் விடிந்ததும் விசைப்படகுகள் எல்லாம் அங்கே போய்ச் சூழ்ந்துகொண்டன. தாய் ஒரு பக்கம் முங்க, குட்டி மறுபக்கம் திரும்ப, நடுவில் மணிமாறனின் படகு புகுந்தது.

சாயங்காலம் குட்டி கரை ஒதுங்கியது. முதுகில் இன்ஜின் விசிறி கிழித்த வெட்டுகள். உயிர் இன்னும் இருந்தது. அதன்மேல் காலை வைத்து ஒருவன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். வைஜெயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். பாவி மகள், அது சாகிறவரைக்கும் ஊற்றினாள்.

"ஏண்டா இப்படிப் பண்ண?" என்று தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"நீதானக்கா எடம் காட்டின? தொட்டி மேல கோபுரம் ஏறி நிக்குது, கொழந்த கூட சொல்லும்."

அவள் பிடி தளர்ந்தது. அவன் சட்டையை நீவி விட்டுக்கொண்டான்.

"அழுவாத. தாய் இன்னும் அங்கியேதான் சுத்தினு இருக்குது. நாளைக்கு என் படகுல வா, கிட்ட வச்சே எடுக்கலாம்."

பளாரென்று அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். மறுநாள் காலையில் தாயைப் பார்க்க வந்த கூட்டத்தில் அவன் படகில் உட்கார இடமில்லை.