மேகம் போட்ட இடம்

கற்பனை நாடு ஒன்றை வரையும்போது நான் முதலில் கடற்கரையைத்தான் போடுவேன், அதுவும் இடது கையால். வலது கை பழகின கை. டேப்லெட்டில் பேனாவை வைத்ததும் கோடு வழுவழுவென்று வந்து தொலைக்கும். இடது கையின் நடுக்கத்தில்தான் கரை கரையாக இருக்கும். பிறகு மலை, மலையிலிருந்து ஆறு, கடைசியில் ஊர்ப்பெயர். எல்லாம் தனித்தனி லேயர், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித்தாள் மாதிரி. தங்கள் கதைக்கு வரைபடம் கேட்டு வரும் எழுத்தாளர்கள், "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு இன்னும் யோசிக்கல" என்று சொல்லிவிட்டால் அங்கே மேகம் போட்டு மூடிவிடுவேன். அதற்கென்றே ஒரு பிரஷ் வைத்திருக்கிறேன்.

ஓசூரில் எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற என் மாமனாருக்குக் கொஞ்ச காலமாக வழி மறக்கிறது. டீ குடிக்கப் போகிறவர் கேட்டைத் தாண்டி எங்கேயோ போய்விடுவார். ஒரு சாயங்காலம், கம்பெனி பஸ்கள் விரட்டிக்கொண்டு வரும் நெடுஞ்சாலை ஓரத்தில் வெறுங்காலோடு நின்றவரை ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். என் வீட்டுக்காரர் உடனே போய் வாசல் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"மனுசனா மாடா, கட்டிப் போட?"

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு. நான் ஷிப்டுல நிப்பனா, அப்பாவத் தேடுவனா?"

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்கள் தெருவை ராஜா காலத்து நாடு மாதிரி வரைந்தேன். டீக்கடைக்குக் கோபுரம் வைத்தேன், தண்ணீர் டேங்கைக் கோட்டையாக்கினேன், எங்கள் வாசலில் மாமாவின் பழைய மொபெட்டை நிறுத்தினேன். கேட்டுக்கு அப்பால் என்ன போடுவது என்று யோசிக்கக்கூட இல்லை. கை தன் பழக்கத்தில் மேகம் போட்டுவிட்டது. பிரின்ட் எடுத்து அவர் சட்டைப் பையில் மடித்து வைத்தேன்.

பலித்தது! மாமா டீக்கடைக்குப் போவார், கோபுரத்தைப் பார்த்துச் சிரிப்பார், நேராக வீட்டுக்கு வருவார். கேட் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. "பரவால்லயே, உன் பொம்மப் படம் அப்பாவ வூட்ல நிறுத்திடுச்சே" என்று வீட்டுக்காரர் பூட்டைத் தூக்கி அலமாரியில் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா முன்போலப் பேசுவதில்லை என்பதை வயசு என்று விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் வேறு ஏதோ நாட்டுக்கு மலை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாளை மேசைமேல் விரித்து, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, மேகத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா பண்றீங்க? கிழிஞ்சிடப் போவுது."

"இதுக்கு அடியில தளிக்குப் போற ரோடு இருந்துச்சும்மா. என் தங்கச்சி வூடு இருந்துச்சு." தேய்ப்பதை நிறுத்தினார். "நீ படிச்ச புள்ள, தெரிஞ்சுதான மூடியிருப்ப. அவ எப்ப செத்தா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலயே."

பேனாவைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் அந்த மனுசன் தங்கைக்காகத் தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

"ஐயோ மாமா! அத்தை நல்லா இருக்காங்க. ரோஜாத் தோட்டத்துல நின்னு எல்லாரையும் வெரட்டிட்டு இருப்பாங்க."

அவர் நம்பவில்லை. தளி அத்தைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கன்னடத்தில், "ஏனண்ணா, ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரித்த அத்தை, மறுமூச்சில் தமிழுக்கு வந்துவிட்டார். "நான் இருக்கறனா போய்ட்டனான்னு ஒரு எட்டு வந்து பாக்க மாட்டயா நீ?"

மாமா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. நானும்தான் அழுதேன்.

அப்புறம் அந்த ஃபைலைத் திறந்து மேக லேயரை அழித்தேன். அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. மாமா ஞாபகம் வந்ததைச் சொல்லச் சொல்ல ரோடு போட்டேன், முட்டைக்கோசு வயல் போட்டேன், அத்தை வீட்டைப் போட்டேன். இனி அவர் கேட்டைத் தாண்டினால் நானும் கூடப் போகிறேன், அவ்வளவுதானே. ஞாயிற்றுக்கிழமை தளி பஸ் ஏறுவதாக முடிவானது.

சேமிக்கப் போனபோது மாமா என் கையைப் பிடித்தார்.

"அவள வாசல்ல நிக்க வெச்சுப் போடும்மா. நான் திரும்ப மறந்துட்டா, அவ இருக்கறது எனக்குத் தெரியணும்."