வலிக்கல, காந்துது

எங்கள் பக்கத்தில் வலிக்கு ஒரே சொல் கிடையாது. பல்லு தெறிக்கும், காலு உளையும், அறுத்த இடம் காந்தும். வலி என்று சும்மா சொன்னால் அது இடுப்பு வலிதான். இந்த வித்தியாசம் தெரியாத வெளியூர் மயக்க டாக்டர் ஒருவரிடம் வகையாக மாட்டினேன்.

இடுப்பு வலி கண்டும் மூத்தவன் இறங்கவில்லை. ஆபரேஷன் என்றார்கள். அந்த டாக்டர் என் முதுகில் ஊசி போட்டார். கத்தி வைத்ததும் வயிற்றில் அடுப்புக் கங்கைக் கொட்டினாற்போல் இருந்தது.

"சார், காந்துது!"

"வலிக்குதாம்மா?"

இடுப்பு வலி நின்றிருந்தது. உள்ளதைச் சொன்னேன். "வலிக்கல சார், காந்துது."

"வலிக்கலைல? தொடுறது தெரியத்தான் செய்யும். பயப்படாதீங்க."

தையல் முடியும்வரை கத்தினேன். அவர் வெளியே போய், வராண்டாவே கேட்கிற மாதிரி என் வீட்டுக்காரரிடம், "ரொம்பப் பயந்துட்டாங்க" என்றாராம். மாமியாருக்கு அது போதாதா? "ஊரு ஒலகத்துல இவ ஒருத்திதான் பிள்ள பெத்தா!" வீட்டுக்காரரோ, "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விடு" என்றார். எனக்கு ஆறவே இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

படிப்பு எனக்குப் பாதியில் நின்றது. பகைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? செல்போனில் தேடித் தேடி வாசித்தேன். இப்போது மயக்க டாக்டர்களே இதை ஆராய்கிறார்களாம். கத்திக்கு முன்னால் ஐஸ் வைத்து மரத்துவிட்டதா என்று சோதிக்கணும், தாய் சொன்னால் நம்பணும், நிறுத்தி மருந்து கூட்டணும், அதற்கும் கேட்காவிட்டால் முழு மயக்கம் கொடுக்கணும். வாசிக்க வாசிக்க வன்மம்தான் வளர்ந்தது.

போன வைகாசியில், எரியோட்டில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கும் பிரசவத்துக்கு ஆபரேஷன் என்று முடிவானது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். வேறு இடம் போக அவள் மாமியார் சம்மதிக்கவில்லை. தியேட்டர் வாசலில் அவரை மறித்தேன்.

"என்னையத் தெரியுதா சார்?"

"தெரியலையேம்மா."

அதுதான் அம்புட்டு ஆத்திரத்தையும் கிளப்பியது. "காந்துதுன்னு கத்தக் கத்த அறுக்க விட்டீங்களே, அவதான். என் தங்கச்சியும் அப்படித்தான் சொல்லுவா. அதுவும் வலிதான். எங்க, ஒருக்காச் சொல்லுங்க பாப்போம்."

"என்னத்தம்மா?"

"காந்துதான்னு."

நர்சு சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். வராண்டா மொத்தமும் பார்க்க, "காந்துதா" என்றார், நாக்குக் குழற.

உள்ளே ஐஸ் வைத்தாராம். ஒரு பக்கம் இன்னும் ஜில்லென்று இருக்கவே, கத்தியை நிறுத்தி வைத்து மருந்து கூட்டினாராம். "காந்துதா, காந்துதான்னு ஒரே நச்சரிப்புக்கா, சிரிச்சுக்கிட்டே பெத்தேன்" என்றாள் தங்கை.

வெளியே வந்தவர் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

"பயந்துட்டாங்கன்னு சத்தமால்ல சொன்னீங்க?" என்றேன். மன்னிக்கவில்லை.

இப்போது பூ மார்க்கெட்டில் என்னோடு பூக்கட்டுகிறவர்களில் யாருக்கு அங்கே ஆபரேஷன் என்றாலும் நானும் போய் வாசலில் நிற்கிறேன். என்னைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போகும். பிரியாணி தின்றாற்போல் இருக்கும் எனக்கு.

போன வாரம் கேட்டேவிட்டார். "இன்னும் எத்தனை பேருக்கும்மா வருவீங்க?"

"எங்க சொந்தம் பெருசு சார்" என்றேன்.